மிகமிக நன்கு புரிந்தது

புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் ஏன் வரவில்லை என்பதை ஆங்கில நய மேம்பாட்டு மையம் ஒருவழியாகக் கண்டுபிடித்துவிட்டது. பதினோரு மாதம் ஆராய்ந்து, மூன்று குளிர்ப் பிரதேசங்களுக்குக் கல்விச் சுற்றுலா போய் வந்து, எண்பது பக்கத்துக்கு அறிக்கை போட்டுக் கண்டுபிடித்தார்கள். பாடப்புத்தகத்தில் வாக்கியங்கள் குட்டையாக இருப்பதுதான் காரணமாம். 'திஸ் இஸ் எ கேட்' என்று போட்டால், பிள்ளை எச்சில் விழுங்கிப் படிக்கத் தொடங்குவதற்குள் வாக்கியம் முடிந்துபோகிறது. அப்புறம் பயிற்சி எங்கிருந்து வரும்? ஆகவே வாக்கியத்தை நீட்ட வேண்டும். நீட்டுவதற்கு இலக்கணத்தில் இரண்டு கருவிகள் இருக்கின்றன. ஒன்று அப்போசிடிவ். மற்றது பார்ட்டிசிபில் ஃபிரேஸ். வில்லியனூர், பாகூர் கொம்யூன் வட்டாரங்களின் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் இவ்விரண்டையும் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளில் புரிந்துகொள்ள வேண்டும் என்று ஆணை பிறந்தது.

ஆணை வந்தபோது அமல்தாஸ் ஒன்றாம் வகுப்புக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பாகூருக்குத் தெற்கே சின்னக்கரைமேடு அரசு தொடக்கப்பள்ளி. ஒரே அறை, ஐந்து வகுப்பு, பதினான்கு பிள்ளைகள், ஒரு வாத்தியார். தலைமையாசிரியரும் அமல்தாஸ்தான், உதவி ஆசிரியரும் அமல்தாஸ்தான். பத்தொன்பது வருஷமாக இரண்டு பேருக்குள்ளும் ஒரு மனத்தாங்கல் வந்தது கிடையாது. மத்தியானம் வேனில் வரும் சோற்றைப் பரிமாற அமுதம் என்று ஒரு அம்மாள் இருந்தாள். பள்ளியின் மொத்த நிர்வாகம் அவ்வளவுதான்.

ஆணையைப் படித்ததும் அமல்தாஸ் காலண்டரைத் தேடி ஓடினார். இலக்கணத்தை நினைத்து அல்ல. அதே வாரம் வியாழக்கிழமை தலை எண்ண வருகிறார்கள். பன்னிரண்டு தலைக்குக் குறைவாக இருக்கிற பள்ளியை மூடி, பிள்ளைகளை நாலு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெரிய பள்ளியோடு சேர்த்துவிடுவது என்று முடிவு. நடுவில் நாலுவழிச் சாலை. கரும்பு ஏற்றிய லாரிகள் ஓரம் சாரம் பார்க்காமல் ஓடும் சாலை. பெற்றவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்: "அந்த ரோட்ட தாண்டி அனுப்பறதுக்கு, அதுங்க வூட்லயே கெடக்கட்டும் சார்." பள்ளி மூடினால் பதினான்கில் பாதிக்குப் படிப்பு அன்றோடு சரி. இதில் இன்னொரு சிக்கல், தலைகளை ஆசிரியர் முன்னிலையில்தான் எண்ண வேண்டுமாம். ஆசிரியர் இல்லாவிட்டால் எத்தனை தலை கண்ணெதிரே ஆடினாலும் கணக்கில் பூஜ்யம்.

பயிற்சி புதனோடு முடிகிறது, எண்ணிக்கை வியாழன். பரவாயில்லை என்று மூச்சு விட்டார் அமல்தாஸ். "மூணு நாளைக்கு நீயே பார்த்துக்கம்மா" என்று அமுதத்திடம் சொல்லிவிட்டு மொபெட்டை எடுத்தார்.

மையத்தின் சொந்தக் கட்டடத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்ததால் பயிற்சியை வில்லியனூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தார்கள். முந்தின நாள் முகூர்த்தத்தின் தெர்மோகோல் மயில்கள் மேடையில் அப்படியே நின்றன. மணமகன் நாற்காலியில் முதன்மைப் பயிற்றுநர் விஜயராஜும், மணமகள் நாற்காலியில் இயக்குநர் முனைவர் ஜெயசுதாவும் உட்கார்ந்திருந்தார்கள். கீழே நாற்பது ஆசிரியர்கள், மொய் எழுத வந்தவர்கள் மாதிரி.

விஜயராஜ் மைக்கைத் தட்டினார். "அப்போசிடிவ்னா ரொம்ப சிம்பிள். ஒரு பேரைச் சொல்றோம். உடனே ஒரு கமா. அப்புறம் அதே ஆளை வேற விதமா சொல்லி, பேருக்குப் பக்கத்துலயே உட்கார வைக்கிறோம். மறுபடி ஒரு கமா. உதாரணத்துக்கு வெளிய போக வேணாம், என்னையே எடுத்துக்குங்க. விஜயராஜ், கமா, மாநில முதன்மைப் பயிற்றுநர், இந்தக் கையேட்டின் ஆசிரியர், நல்லாசிரியர் விருதுக்கு மூணு தடவை பரிசீலிக்கப்பட்டவர், பெங்களூர்ல ரெண்டு நாள் பயிற்சி எடுத்தவர், நகர்ல பல பேருக்கு வேண்டியவர்..."

மறு கமா பதினொன்றரைக்கு வந்தது. டீ இடைவேளையும் அப்போதுதான் வந்தது.

"இதுல முக்கியமான விஷயம்," என்று டீக்குப் பிறகு இயக்குநர் சேர்த்துக்கொண்டார். "ரெண்டு கமாவுக்கு நடுவுல இருக்கறத எடுத்துட்டாலும் வாக்கியம் அசையாம நிக்கும். அது இருந்தா அழகு. இல்லாட்டி நஷ்டமில்ல. நிர்வாகத்துலயும் நாங்க இதைத்தான் கடைப்பிடிக்கிறோம்."

அமல்தாஸ் இதை நோட்டில் எழுதினார். எழுதியதைத் திரும்பிப் பார்த்தபோது, ஒரு பக்கம் பாகூரையும் மறுபக்கம் கரையாம்புத்தூரையும் கமாவாக வைத்து நடுவில் தன் பள்ளிக்கூடம் உட்கார்ந்திருப்பதாக அவருக்குத் தோன்றியது. அப்போசிடிவ் அவருக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை பார்ட்டிசிபில் ஃபிரேஸ். "ஒருத்தர் ஒரு வேலையைச் செஞ்சுகிட்டோ செஞ்சு முடிச்சோ இன்னொரு வேலை செய்றார்னா, முதல் வேலையைச் சுருக்கி முன்னால வைக்கணும்" என்றார் விஜயராஜ். "வாக்கிங் டு தி ஃபீல்டு, ராமு சா எ ஸ்நேக். வயலுக்கு நடந்தது யாரு? ராமு. பாம்பைப் பார்த்தது யாரு? அதே ராமு. முன்னால உள்ள வேலை, கமாவைத் தாண்டினதும் வர்ற ஆளு மேலதான் போய்ச் சாயும். சாய ஆள் இல்லாட்டி தப்பு. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்" என்றது மண்டபம்.

பிறகு பிரியாணி வந்தது. சாப்பிட்டு, ஏப்பம் விட்டு, விஜயராஜ் பலகையில் அன்றைய நாளின் அறிக்கையை எழுதிக் காட்டினார்: 'ஹேவிங் ஈட்டன் தி பிரியாணி, தி டிரெய்னிங் கன்டினியூட்.'

அமல்தாஸ் கையைத் தூக்கினார். புரியாவிட்டால் கையைத் தூக்கு என்று பத்தொன்பது வருஷமாகப் பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லி அவருடைய கைக்கே அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"சார், கமாவைத் தாண்டினா டிரெய்னிங்தானே நிக்குது? பிரியாணிய சாப்பிட்டது யாரு சார், டிரெய்னிங்கா?"

மண்டபம் மொத்தமும் அமல்தாஸ் பக்கம் திரும்பியது.

"அமல்தாஸ் சார்," என்றார் விஜயராஜ், ரொம்பப் பொறுமையாக. "நீங்க அரசாங்கத்துல இருக்கீங்க. சாப்பிட்டாச்சு என்பதைப் பதிவு செய்யலாம். யார் சாப்பிட்டாங்கன்னு கேக்கறது மரபில்ல."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கரையாம்புத்தூர் ஆசிரியை செல்வகுமாரி அமல்தாஸின் முழங்கையை இழுத்துக் கீழே இறக்கினாள். "இன்னா சார் நீங்க, புதுசா? எனக்கு இது பதினாறாவது டிரெய்னிங். வந்தமா, புரிஞ்சுதுன்னமா, பையத் தூக்கினமான்னு இருக்கணும்."

புதன்கிழமை மாலை கருத்துப் படிவம் கொடுத்தார்கள். 'பயிற்சி எவ்வாறு இருந்தது?' என்று ஒரே கேள்வி. பதிலுக்கு மூன்று கட்டங்கள்: நன்கு புரிந்தது, மிக நன்கு புரிந்தது, மிகமிக நன்கு புரிந்தது. செல்வகுமாரி மூன்றிலும் டிக் அடித்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அமல்தாஸ் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு, வேறு எவனும் செய்யத் துணியாத ஒரு காரியத்தைச் செய்தார். பையிலிருந்து ஸ்கேலை எடுத்து, நாலாவதாக ஒரு கட்டம் போட்டார். அதற்கு எதிரே, 'முதலாவது புரிந்தது. இரண்டாவதில் பாதி புரியவில்லை' என்று எழுதி, சுத்தமாக ஒரு டிக் அடித்துக் கொடுத்தார்.

பத்தாவது நிமிஷம் அவரை மணமகள் அறைக்குக் கூப்பிட்டார்கள். நிலைக்கண்ணாடி முன்னால் இயக்குநர் ஜெயசுதா இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்கு நாங்க இன்னா கெடுதல் பண்ணோம்?" என்றார். முனைவர் பட்டம் எல்லாம் கழன்று, சொந்த ஊர்ப் பேச்சு வந்துவிட்டிருந்தது. "மையம் தொடங்கி பதினோரு வருஷம். இதுவரைக்கும் ஒருத்தருக்குக்கூட புரியாம போனதில்ல. ஒரு தடவை புரொஜெக்டர் எரிஞ்சு, பயிற்றுநரும் வரல. அன்னிக்கே நூறு சதவீதம் புரிஞ்சுதுய்யா! இப்ப தொண்ணூத்தேழரை. இதை நான் மேலிடத்துல எப்படிக் காட்டுவேன்?"

அமல்தாஸுக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. "மேடம், குடுங்க, மூணாவது கட்டத்துலயே அடிச்சிர்றேன். இப்ப நல்லா புரியுது."

"ஏத்தியாச்சு சார்" என்றார் விஜயராஜ். "சிஸ்டத்துல ஏத்தின படிவத்தை இறக்க முடியாது. புரியலன்னு ஏறினா, குறைதீர் பயிற்சி கொடுத்து, புரிஞ்சுதுன்னு மறுபடி ஏத்தணும். அதுவரைக்கும் உங்களை விடுவிக்கிற ஆணை வராது."

"இப்பவே கொடுத்துருங்களேன். அஞ்சு நிமிஷ வேலை."

"அதெப்படி? பதினஞ்சு பேருக்குக் குறைஞ்சா பயிற்சியே கணக்குல வராது. நீங்க ஒருத்தர்தானே புரியாதவர்? இன்னும் பதினாலு பேருக்குப் புரியாம போனாத்தான் உங்களுக்குப் புரிய வைக்க முடியும்."

"அதுவரைக்கும்?"

"காத்திருங்க. அடுத்த மாசம் நெட்டப்பாக்கம் பேட்ச் வருது. அதுல யாராவது உங்கள மாதிரி கிடைக்கலாம்."

அமல்தாஸ் தலை எண்ணிக்கையைச் சொன்னார். நாலுவழிச் சாலையைச் சொன்னார். ஆறு வயசு ஆரோக்கிய ஜெனிபரின் கால் எத்தனை நீளம் என்று தரையிலிருந்து கையால் அளந்துகூடக் காட்டினார். இயக்குநர் உருக்கமாகத் தலையாட்டினார். "என் மனசு உங்க பக்கம்தான். ஆனா மனசை ஏத்தறதுக்கு சிஸ்டத்துல இடமில்ல."

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, வெறிச்சோடிய மண்டபத்தில் நாற்பது நாற்காலிகளுக்கு நடுவே அமல்தாஸ் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தார். விடுவிப்பு ஆணை இல்லாமல் போனால், பள்ளியில் இருந்தாலும் இல்லாத ஆசிரியர்தான். மேடையில் விஜயராஜும் உட்கார்ந்திருந்தார். புரியாத ஒருவர் கீழே இருக்கும்போது பயிற்றுநர் எழுந்து போகக் கூடாது என்று அவருக்கும் ஒரு விதி இருந்தது. சாயங்காலம் அவருக்கு மச்சினன் வீட்டு நிச்சயதார்த்தம். இருவரும் ஒருவரையொருவர் வெறுப்போடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போன் அடித்தது. அமுதம்.

"சார், எங்க கீறீங்க? புள்ளைங்க பதினாலும் வந்துச்சுங்க. ஜொரத்தோட கெடந்தவனக்கூட தூக்கியாந்து உட்கார வச்சிருக்கேன். எண்றவரு மூணு மணிக்கு வராராம். நீங்க இன்னாத்துக்கு இன்னும் அங்க குந்திகினு கீறீங்க?"

"எனக்குப் புரியலன்னு உட்கார வச்சிருக்காங்கம்மா. இன்னும் பதினாலு பேர் சேர்ந்தாத்தான்..." என்று சொல்லிக்கொண்டே வந்த அமல்தாஸ் பாதியில் நிறுத்தினார். மேடையைப் பார்த்தார். "சார், அந்தப் பதினாலு பேர் எப்படி இருக்கணும்? ஏதாவது தகுதி?"

விஜயராஜ் கையேட்டைப் புரட்டினார். "பேர் இருக்கணும். ஆதார் நம்பர் இருக்கணும். பள்ளியோட தொடர்புடையவரா இருக்கணும்."

"வயசு?"

"படிவத்துல வயசுக்கு இடம் விடல."

"அமுதம்," என்றார் அமல்தாஸ் போனில், "உன் கொழுந்தன் வண்டி சும்மாதானே நிக்குது?"

பதினொன்றே காலுக்குக் குட்டியானை என்கிற அந்தச் சின்ன சரக்கு வண்டி மண்டப வாசலில் வந்து நின்றது. பின்பக்கத்தில் பால் கேன்களுக்கு இடையே பதினான்கு தலைகள். முதலாம் வகுப்பு இருவர் இறங்கியதும் மேடைக்கு ஓடி, தெர்மோகோல் மயில் ஆளுக்கொன்று பிடுங்கிக்கொண்டார்கள். அமுதம் இடுப்பில் கைவைத்து விஜயராஜை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீதான் எங்க வாத்தியாருக்குப் புரிய வைக்காதவனா?"

விஜயராஜ் கையேட்டை மூடினார். தலைகளை எண்ணினார். அமல்தாஸோடு பதினைந்து. கடிகாரத்தைப் பார்த்தார். மைக்கைத் தட்டினார்.

"அன்பார்ந்த ஆசிரியப் பெருமக்களே!"

ஜெனிபர் திரும்பிப் பின்னால் பார்த்தாள். யாரும் இல்லை.

பழக்க தோஷத்தில் விஜயராஜ் தன்னைப் பற்றியே தொடங்கி, அமுதம் முறைத்ததும் முதல் கமாவோடு நிறுத்திக்கொண்டு, "யாராவது ஒரு அப்போசிடிவ் சொல்லுங்க பார்ப்போம்" என்றார். நாலாம் வகுப்பு கிறிஸ்டினா எழுந்தாள். அவளுக்கு அவசரமாகச் சொல்ல ஒரு சேதி இருந்தது. "சார், அமுதம் அக்கா, எங்களுக்குச் சோறு போடறவங்க, சோத்து வேன் வந்துரும் சீக்கிரம் முடிங்கன்னு சொல்றாங்க."

மூன்று நாளில் நாற்பது ஆசிரியர்கள் சொல்லாத சுத்தமான அப்போசிடிவ் அது. அமல்தாஸுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"தமிழ்ல பேசக் கூடாது, உட்காரு" என்றார் விஜயராஜ். "எல்லாருக்கும் புரிஞ்சுதா?"

சின்னக்கரைமேடு அரசு தொடக்கப்பள்ளி மூச்சை இழுத்துக்கொண்டு, தினமும் நாலு தடவை சொல்லிப் பழகிய அதே ராகத்தில் பதில் சொன்னது:

"புரி...ஞ்சு...தூஊஊ... சா...ர்!"

விஜயராஜ் நெகிழ்ந்துபோனார். பதினோரு வருஷ அனுபவத்தில் இப்படி ஒரே குரலாக, இவ்வளவு உற்சாகமாக யாரும் புரிந்துகொண்டதில்லை. மணமகள் அறையிலிருந்து இயக்குநரே எழுந்து வந்து கைதட்டினார். பள்ளிப் பதிவேட்டைப் பார்த்து ஆதார் எண்கள் ஏற்றப்பட்டன. மூன்றாவது கட்டத்தில் பதினைந்து டிக். ஆளுக்கொரு சான்றிதழ், ஆளுக்கொரு பேனா, ஆளுக்கொரு சமோசா. பன்னிரண்டே முக்காலுக்கு அமல்தாஸ் விடுவிக்கப்பட்டார்.

இரண்டே காலுக்குப் பள்ளி வந்து சேர்ந்து, எல்லோருக்கும் முகம் கழுவி, தலை வாரி, வரிசையாக உட்கார வைத்தாயிற்று. மூன்று மணிக்குத் தலை எண்ணும் அலுவலர் ராஜேஷ் வந்தார். நல்ல மனுஷர். விரலை நீட்டி இரண்டு தடவை எண்ணினார். "பதினாலு. ஆசிரியர் முன்னிலை. பிரச்சினையே இல்ல சார்" என்று சிரித்துக்கொண்டே கையிலிருந்த டேப்லெட்டில் முதல் ஆதார் எண்ணைத் தட்டினார்.

சிரிப்பு நின்றது. இரண்டாவது எண்ணைத் தட்டினார். மூன்றாவது. பதினான்கையும் தட்டி முடித்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"சார், சிஸ்டம் எடுக்க மாட்டேங்குது. இவங்க எல்லாரும் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள்னு காட்டுது. ஆசிரியரா இருக்கறவங்கள மாணவரா ஏத்த முடியாது."

"இன்னா சார் பேசறீங்க?" அமுதம் முன்னால் வந்துவிட்டாள். ஜெனிபரின் தாடையைப் பிடித்து வாயைத் திறந்து காட்டினாள். "முன்பல்லு ரெண்டும் வுழுந்து கீது. இது டீச்சரா? கண்ணு தெர்ல?"

"எனக்குத் தெரியுதும்மா. இதுக்குத் தெரியல" என்று டேப்லெட்டைக் காட்டினார் ராஜேஷ். பிறகு, குற்றம் செய்தவர்போல, அமல்தாஸின் முகத்தைப் பார்க்காமல் பதிவு செய்தார். ஆசிரியர்கள்: பதினைந்து. மாணவர்கள்: பூஜ்யம்.

அன்று சாயங்காலம் அமல்தாஸ் வீட்டுக்குப் போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, யார் யாரை எந்த அப்பா சைக்கிளில் சாலை தாண்டிக் கொண்டுபோய் விட முடியும் என்று ஒரு பட்டியல் போட்டார். ஐந்து பெயருக்குமேல் ஓடவில்லை. நாலாவது கட்டம் போட்ட ஸ்கேல் மேஜைமேல் இருந்தது. அதை எடுத்து ஜன்னல் வழியாக வீசினார். பள்ளியில் இருந்ததே அந்த ஒரு ஸ்கேல்தான் என்று ஞாபகம் வந்து, போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தார்.

இரண்டு வாரம் கழித்து, காலை மணி அடித்த கொஞ்ச நேரத்தில், பெரிய பழுப்பு உறையில் ஆணை வந்தது. அமுதமும் வாசலில் வந்து நின்றுகொண்டாள். "எப்பலேர்ந்து மூடறாங்களாம்? தேதிய மட்டும் சொல்லு சார்."

அமல்தாஸ் வாய்விட்டுப் படித்தார்.

"'சின்னக்கரைமேடு பள்ளியில் மாணவர் எண்ணிக்கை பூஜ்யம் என்பதால், அதனை மூடுவதெனக் கொள்கையளவில் முடிவு செய்யப்படுகிறது.'"

அமுதம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"'எனினும், அங்கு பணியாற்றும் ஆசிரியர்கள் பதினைவரும் ஆங்கில நயத்தில் சிறப்புப் பயிற்சி பெற்று, மிகமிக நன்கு புரிந்துகொண்டவர்களாக இருப்பதால், அவர்களை வீணாக்க இயலாது. மாணவர் இல்லாப் பள்ளியை மூடலாம். ஆசிரியர் உள்ள பள்ளியை, அவ்வாசிரியர்களுக்கு மாற்றிடம் அளிக்காமல் மூட விதிகளில் இடமில்லை. தற்போது எந்தக் கொம்யூனிலும் காலிப் பணியிடம் இல்லை. ஆகவே, மேற்படி ஆசிரியர்களில் வயதில் இளையவரான திருமதி ஆரோக்கிய ஜெனிபர் பணி ஓய்வு பெறும் நாள் வரை...'"

அமல்தாஸ் நிறுத்தி, விரல் விட்டு எண்ணினார். விரல் போதாமல் பலகையில் கழித்துப் பார்த்தார். அறுபதில் ஆறு போனால் ஐம்பத்துநாலு.

"இன்னா சார்? எப்ப மூடறாங்க?"

"ஐம்பத்துநாலு வருஷம் கழிச்சும்மா."

அமுதம் முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். "அப்ப இன்னிக்கி சோறு வருமில்ல?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தட்டு கழுவப் போனாள்.

அமல்தாஸ் ஆணையை மீண்டும் கையில் எடுத்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அப்போது முதல் பெஞ்சில் திருமதி ஆரோக்கிய ஜெனிபர் எழுந்து நின்று, சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டினார். அவசரம் முகத்திலேயே தெரிந்தது.

அமல்தாஸ் தலையாட்டினார். அம்மையார் பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்.